ரைட்டர் பதில்கள்: விபத்தில் கை கொடுத்தவரும் சாட்சி சொன்னவரும்

போன இதழில் விபத்து பற்றி வந்த ஒரு கேள்விக்கு நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால், இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்க வேண்டும் என்று தோன்றியது. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காவல் துறையில் 32 வருடம் இருந்து, 2019-ல் சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். அதில் 11 வருடம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஸ்டேஷன்களில் ரைட்டர். புகாரை எழுதுவதும் எஃப்.ஐ.ஆர். போடுவதும் கேஸ் கட்டைத் தைத்துக் கோர்ட்டுக்கு அனுப்புவதும் ரைட்டர் வேலை.

சார், ஊருக்குப் போகும் வழியில் பைக்கோடு விழுந்து கிடந்த ஒருவரை நண்பனின் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேரும் போன் நம்பரும் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இப்போது ஸ்டேஷனிலிருந்து "வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று தினமும் போன். "உனக்கு எதுக்குடா இந்த வேலை, கோர்ட்டு கேசுன்னு அலையப் போறே" என்று அப்பா திட்டுகிறார். நான் போக வேண்டுமா?
- ஐ.டி.ஐ. முடித்த வாசகர், பெரம்பலூர்

போக வேண்டிய கட்டாயம் இல்லை தம்பி. அப்பாவிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டு.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2020 அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு நல்ல எண்ணத்தில், பலன் எதிர்பார்க்காமல் உதவுகிறவர் மேல், அந்த உதவியில் ஏதாவது தவறு நேர்ந்து அடிபட்டவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டாலும், சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. அதோடு வந்த மோட்டார் வாகன விதி 168 சொல்வது: பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் சொல்லும்படி போலீசோ வேறு யாருமோ உன்னை வற்புறுத்தக் கூடாது. நீயாக விரும்பிச் சொன்னால் சொல்லலாம். அதற்கு முன்பே, 2016 மார்ச் 30-ல், சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற சாலைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது.

அந்தக் "கையெழுத்து" எதில் என்று கேள். முக்கியமானது அதுதான். விசாரணையில் சாட்சி சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 162-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 181. அப்படியிருக்க எதற்குக் கையெழுத்து? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. அடிபட்டவர் மயக்கத்தில் இருப்பார், சொந்தக்காரர் வந்திருக்க மாட்டார், எஃப்.ஐ.ஆர். போட ஒரு புகார்தாரர் தேவைப்படுவார். கொண்டுவந்து சேர்த்தவரையே புகார்தாரராக்கி, "நான் சாலையில் சென்றுகொண்டிருந்தபோது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் அந்தக் கேஸில் முதல் சாட்சி நீதான். நேரில் பார்க்காத நீ எதற்குப் பார்த்ததாகச் சொல்ல வேண்டும்? "நான் கொண்டுவந்து சேர்த்தேன், விபத்தைப் பார்க்கவில்லை" என்று போனிலேயே சொல்லிவிடு. வெற்றுத் தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதே.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

2009-ல் ஒரு சித்திரை மாத மதியம். ஒட்டன்சத்திரத்திலிருந்து கோயம்பேட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போன மினி லாரிக்காரர் ஒருவர், ரோட்டோரம் மண்டை உடைந்து கிடந்த பையனைத் தன் கேபினில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து எங்களுக்குத் தகவல் வந்தது. "அந்த வண்டியே இடிச்சிருக்கலாம், வரச் சொல்லு" என்றார் அதிகாரி. வந்தவரை ரைட்டர் ரூமுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னவன் நான். மூன்று மணிக்கு உட்கார்ந்தார். பந்தோபஸ்துக்குப் போன அதிகாரி திரும்பி வர எட்டு மணி ஆகிவிட்டது. வேப்பமர நிழல் நகர்ந்துபோய், வண்டி வெயிலில் நின்றது. அடிவரிசைப் பெட்டிகளிலிருந்து தக்காளித் தண்ணீர் சொட்டி, டயருக்குப் பக்கத்தில் மண் சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்கவில்லை. சட்டையில் பையனின் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. கழுவிக்கொள்ளத் தண்ணீர்கூட நான் காட்டவில்லை.

எட்டரைக்கு விட்டோம். வண்டியில் கீறல்கூட இல்லை. ஏறும்போது சொன்னார்: "இனிமே ரோட்டுல எவன் கெடந்தாலும் நான் நிறுத்த மாட்டேன் சார்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

அந்தப் பையன் பிழைத்தான். அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக ஏட்டு வந்து சொன்னார். அதை அந்த மினி லாரிக்காரருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவர் நம்பர் என் எதிரே இருந்த பதிவேட்டில்தான் இருந்தது.

உனக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான். நீ சேர்த்தவர் எப்படி இருக்கிறார் என்று ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

நான் பள்ளி ஆசிரியை, ஸ்கூட்டியில் போய் வருகிறேன். மாலை இருட்டிய பிறகு வழியில் விபத்தைப் பார்த்தால் தனியாக நிறுத்தப் பயமாக இருக்கிறது. நிற்காமல் போனாலும் இரவெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது.
- வாசகி, கள்ளக்குறிச்சி

பயப்படுவதில் தவறே இல்லை அம்மா. இறங்கித் தூக்கினால்தான் உதவி என்பதில்லை. வெளிச்சமுள்ள டீக்கடையோ பெட்ரோல் பங்கோ வரும் வரை போய், நின்று, 108-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லலாம்.

ஆனால், இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். நான்கு வழிச்சாலை என்றால் எந்தப் பக்க ரோடு என்பதுதான் முதலில் வேண்டும்: "சென்னை போற ரோட்டுல" அல்லது "திருச்சி போற ரோட்டுல". நடுவில் அரளிச் செடி வைத்த மீடியன் இருக்கிறது. எதிர்ப்பக்கம் வந்துவிட்ட ஆம்புலன்ஸ் அடுத்த இடைவெளி வரை போய்த் திரும்ப வேண்டும். கண்ணெதிரே ஆள் கிடக்க, இந்தப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் தவித்ததை நானே பார்த்திருக்கிறேன். அடுத்து கிலோமீட்டர் கல். பெரிய கல் கண்ணில் படாவிட்டால் 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கல் நிற்கும், அதில் உள்ள எண்ணைச் சொன்னாலும் போதும். எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, யாராவது வண்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்பார்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அடிபட்டுக் கிடப்பவருக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்? எங்கள் ஊரில் எல்லோரும் சோடா வாங்கத்தான் ஓடுகிறார்கள்.
- வாசகர், மணப்பாறை

சோடாவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் போகும். ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிற்றில் ஒன்றும் இல்லாமல் இருப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் வண்டியை விபத்துக்குப் பின்னால் தள்ளி ஓரமாக நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தி வருகிற வண்டிகளுக்குக் கை காட்டச் சொல்லுங்கள். உதவ வந்தவர் மேலேயே அடுத்த வண்டி ஏறிய கேஸ் கட்டுகளை நான் தைத்திருக்கிறேன். ரத்தம் கொட்டினால் துண்டோ துப்பட்டாவோ மடித்து வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கம்பி, கண்ணாடி குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம், 108-ல் வரும் மருத்துவ உதவியாளர் பார்த்துக்கொள்வார். தீ பிடிக்கும் ஆபத்து, வண்டி ஏறும் ஆபத்து இருந்தால் மட்டும் நகர்த்துங்கள். அப்போதும் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நாலு பேராகத் தூக்க வேண்டும். காலைப் பிடித்து ஒருவர், கையைப் பிடித்து ஒருவர் என்று மடக்கி ஆட்டோவில் திணிப்பதால் முதுகுத்தண்டு போய், பிழைத்தும் எழுந்திருக்க முடியாதவர்கள் உண்டு.

என் கண் முன்னால் ஒரு லாரி, சைக்கிளில் போனவரை அடித்துவிட்டு நிற்காமல் போனது. நம்பரில் கடைசி இரண்டு இலக்கம்தான் பார்த்தேன். செத்தவரின் மனைவி வந்து சாட்சி சொல்லக் கேட்கிறார். பாதி நம்பரை வைத்துக்கொண்டு நான் போய் என்ன சொல்ல? வக்கீல் கேள்வி கேட்டு அவமானப்படுத்துவார் என்கிறார்கள். எனக்கு வயது 63.
- மளிகைக்கடைக்காரர், விருத்தாசலம் பக்கம்

போய்ச் சொல்லுங்கள் ஐயா. உங்கள் இரண்டு இலக்கம் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன்.

வண்டி எது என்று தெரியாத விபத்தில் மரணம் என்றால், அரசுத் திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். கொடுங்காயத்துக்கு 50,000. இதுவே 2022 ஏப்ரல் முதல்தான், அதற்கு முன் மரணத்துக்கு வெறும் 25,000. வண்டி தெரிந்துவிட்டால் கதையே வேறு. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகை சொல்லும், இன்சூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டும். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, அந்த அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

என் காலத்தில் ரோட்டோரம் கொய்யாப்பழம் விற்ற ஒரு அம்மா சாட்சியாக வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. லாரி நம்பர் கேட்டால் என்ன சொல்வார்? ஆனால், அவர் சொன்னதை நான் எழுதினேன், இன்றும் மறக்கவில்லை: "பின்னாடி கதவுல ரெண்டு கிளி, அதுல ஒரு கிளிக்கு மூக்கு அழிஞ்சிருந்துச்சு. நீலத் தார்ப்பாய். சோத்தாங்கைப் பக்கம் லைட்டு இல்ல." டோல்கேட் கேமராவில் அந்த நேரத்துக்குப் பிறகு போன வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூக்கில்லாத கிளி கிடைத்தது.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "லாரி எத்தனை கிலோமீட்டர் வேகத்துல வந்துச்சு?" அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கூடை மேல போட்டிருந்த ஈரச்சாக்கு பறந்து போயி ரோட்டுல விழுந்துச்சு. அது தெரியும்." நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். வக்கீல் அதற்கு மேல் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

குறுக்கு விசாரணைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்லுங்கள். பார்க்காததைக் கேட்டால் "பார்க்கவில்லை" என்று சொல்லுங்கள். அது பலவீனம் ஆகாது. சாட்சி கெட்டுப்போவது, அந்தக் குடும்பத்தின் மேல் இரக்கப்பட்டு முழு நம்பரையும் பார்த்ததாகச் சொல்லும்போதுதான். யாரும் சொல்லிக்கொடுக்க விடாதீர்கள், அவர்கள் தரப்பு வக்கீலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் வயதுக்கு இன்னொன்று. 60 வயதுக்கு மேற்பட்ட ஆணையோ, எந்த வயதுப் பெண்ணையோ விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 179. உதவி செய்தவரே சாட்சியாகவும் முன்வந்தால், அவருக்கு வசதியான இடத்தில், நேரத்தில், சீருடை இல்லாமல் வந்து, ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நடைமுறை சொல்கிறது. கோர்ட் சம்மன் வந்தால் மட்டும் தட்டாமல் போய்விடுங்கள், தட்டினால் வாரண்ட் வரும். வாய்தா வாங்கி உங்களைத் திருப்பி அனுப்பினால் எரிச்சல் வரும்தான், அந்தக் கொய்யாப்பழ அம்மாவும் நாலு தடவை வந்தார். சாட்சிப் படியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை.

அடிபட்டவரைச் சேர்த்த தனியார் மருத்துவமனையில் "முன்பணம் கட்டினால்தான் அட்மிஷன்" என்றார்கள். யாரென்றே தெரியாதவருக்காக என் கையிலிருந்து 8,000 கட்டினேன். சரியா?
- வாசகர், திண்டுக்கல்

நீங்கள் செய்தது பெரிய காரியம், அவர்கள் கேட்டது தவறு. முதலில் உயிரைக் காப்பாற்று, மற்றதெல்லாம் பிறகு என்று 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொண்டுவந்தவர் சொந்தக்காரர் அல்ல என்றால் அவரிடம் பணம் கேட்கவே கூடாது. தமிழ்நாட்டில் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முதலில் 1 லட்சம் வரை இருந்ததை 2 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநிலத்தவராக இருந்தாலும் உண்டு. அடுத்த முறை கவுன்ட்டரில் "நாற்பத்தெட்டுல சேருங்க" என்று அழுத்திச் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுவந்து சேர்த்ததற்கு ஒப்புகைச் சீட்டும் கேட்கலாம்.

நான் டிரைவர். என் வண்டியே இடித்துவிட்டால் நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள். ஓடாமல் என்ன செய்வது?
- வாசகர், நாமக்கல்

அண்ணே, உங்கள் பயம் உண்மையானது, அது சட்டத்துக்கும் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்வது டிரைவரின் கடமை என்கிறது. அதிலேயே, கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் தவிர, என்றும் இருக்கிறது. எனவே இறங்க முடியாத நிலையில் வண்டியை எடுத்தால் நேராக அடுத்த ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்துங்கள், போகும்போதே 108-க்குச் சொல்லுங்கள். அந்தப் போன் பதிவில் இருக்கும். நீங்கள் ஓடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அப்படி வந்து நின்ற டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். கை நடுங்க லைசென்ஸை மேஜையில் வைப்பார்கள். அவர்களை ஓடிப்போனவர்களோடு சேர்த்து எந்த நீதிபதியும் பார்த்ததில்லை.

காப்பாற்றினால் பரிசு உண்டாமே?
- வாசகர், தஞ்சாவூர்

உண்டு. மத்திய அரசு 2021-ல் 5,000 ரூபாய் என்று ஆரம்பித்தது, 2025-ல் "ராஹ்-வீர்" என்று பெயர் மாற்றி 25,000 ஆக்கியது. பலத்த அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குச் சேர்த்து உயிர் காத்தவருக்கு இது. வாங்கிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

ஐயா, மூன்று நாளுக்கு முன் இரவு பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார், ரோட்டைக் கடந்தவரை அடித்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். காரில் குழந்தைகள் இருந்தார்கள், மனைவி "போயிடலாங்க" என்றாள். போய்விட்டேன். மறுநாள் பேப்பரில் "அடையாளம் தெரியாத வாகனம் மோதி பலி" என்று இருந்தது. என் காரில் கேமரா இருக்கிறது. நிற்காமல் போனதற்கு என் மேல் கேஸ் வருமா? தூக்கம் இல்லை.
- பெயர் வேண்டாம்

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும் வரை காத்திருக்க மனம் வரவில்லை, அன்றே உங்களுக்குப் போன் செய்துவிட்டேன். இதே நிலையில் வேறு யாரும் இருக்கலாம் என்பதால், உங்கள் சம்மதத்தோடு இங்கேயும் எழுதுகிறேன்.

வழியில் பார்த்த ஒருவர் நிற்காமல் போனதற்காகக் கேஸ் வராது. அந்தப் பயத்தை விடுங்கள். அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. காரில் உள்ள கேமரா, மெமரி கார்டு நிறைந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே பதிவு செய்யும். நீங்கள் காரை ஓட்டும் ஒவ்வொரு நாளும் அந்த இரவு கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. கார்டை உடனே கழற்றி ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பங்க், கடை கேமராக்களிலும் பதிவு ரொம்ப நாள் நிற்காது, அதனால் போலீசுக்கு நேரம் தெரிந்தாக வேண்டும். வீடியோவை வெட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். கோர்ட்டுக்குப் போகும்போது அதோடு புதிய சாட்சியச் சட்டம் 63-ன்படி ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும், அதை எழுத ஸ்டேஷனில் உதவுவார்கள். கார்டைக் கொடுத்தால் கைப்பற்றியதற்கு எழுத்தில் நகல் வாங்குங்கள்.

நினைவில் இருப்பதை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே, எத்தனை மணி, கார் எந்தப் பக்கம் போனது, பிரேக் விளக்கு எரிந்ததா இல்லையா. ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்கள். குழந்தைகள் இருந்தார்கள், பயந்தேன் என்று உள்ளபடியே சொல்லுங்கள்.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது என்றீர்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். இருவரும் சேர்ந்தே போவோம். உங்களை பெஞ்சில் காக்க வைக்க நான் விட மாட்டேன்.